திரௌபதியின் தொட்டித் தண்ணீர்

என் மகள் உண்ணாமுலையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "குழந்தைக்கு என்ன?" திரௌபதி கேட்கவில்லை.

1957ஆம் வருஷம், ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. ஈரப் புடவையோடு மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டு, ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் கிளம்பியிருந்தேன். மலைக்குப் பின்பக்கத்து அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குழந்தைக்கு முதுகு நிற்காது. கொடியில் போட்ட துணி போல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தாள். நானும் நாலடிக்கு ஒரு தரம் அவளைத் தூக்கித் தூக்கிச் சரி செய்துகொண்டே நடந்தேன்.

புளியமரத்தடியில் கத்திரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்தாள். தலையில் சும்மாடாக வைத்திருந்த துண்டை எடுத்து உதறி, இறுக்கமாகச் சுருட்டி, குழந்தையின் விலாவுக்கும் என் இடுப்புக்கும் நடுவில் செருகினாள். தலை தொங்கிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். அவ்வளவு தூரம் மலையைச் சுற்றி வந்தவள், அப்போதுதான் அதைப் பார்த்தவள் மாதிரி "அம்மா, மலை!" என்றாள்.

"துண்ட அப்புறமாக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்பிள்ளை கூடையிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேர் திரௌபதி என்பது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் சோமநாதன் அண்ணாமலையார் கோயிலில் முறைக்குப் பூஜை செய்கிற குருக்கள். எங்களுக்கு உண்ணாமுலை ஒரே குழந்தை. இரண்டு வயதில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. கூடவே இடது காலும் இடுப்பும் முதுகும் விட்டுப்போயின. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். கட்டு வைத்தியர் ஒருவர் வந்து, மூங்கில் சிம்புகளை வரிசையாக வைத்து, மார்பிலிருந்து இடுப்பு வரைக்கும் துணியால் இறுக்கிக் கட்டினார். ஆடக்கூடாது, அசையக்கூடாது, தண்ணீர் படவே கூடாது, பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்றார். மூன்று வருஷம் அப்படியே வைத்திருந்தோம். மலை சுற்றுகிற அன்று மட்டும், என் ஈரப் புடவை பட்டுக் கட்டு நனைந்துவிடுமே என்று அவிழ்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனோம். பிறந்த தேதி எழுதிய காகிதம் யார் வீட்டிலும் இல்லாத காலம். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு ஆயிற்று என்று கணக்கு. மற்றக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே தொட்டார்கள். என் மகள் கையைத் தூக்கினாள், கையோடு சேர்ந்து உடம்பும் சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டேன்.

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "உட்காரவே முடியாத குழந்தைய நான் எங்கம்மா உட்கார வைக்கிறது? அடுத்த ஜூன்ல கூட்டிட்டு வாங்க. செவுத்துல சாயாம உட்கார்ந்து, தானா காதைத் தொடட்டும். அன்னைக்கே பேர் எழுதிக்கிறேன். இல்லன்னா வீட்லயே வெச்சுக்கங்க, எங்கிட்ட கூட்டிட்டு வராதீங்க."

நான் ஐந்தாவதோடு நின்றவள். என் மகள் ஒன்றாவதுக்குள்ளேயே நுழைய மாட்டாளோ என்ற பயத்தில்தான் மலையைச் சுற்ற ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் துண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குப் பால் கொண்டுவருகிற ராமனின் மாட்டுவண்டி பத்து மணிக்குத் திரும்பிப் போகும். அதில் ஏறிக்கொண்டேன். அன்றைக்குக் குழந்தைக்குக் கட்டுப் போட்டிருந்தது. திரௌபதி துண்டை வாங்கிக்கொண்டு, குழந்தையின் மார்பில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

"இன்னா இது, பொட்டி கணக்கா?" என்றாள்.

வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது. அப்போதுதான் தன் கதையைச் சொன்னாள். அவளுக்கும் சரசு என்று ஒரு பெண் இருந்தாளாம். இதே காய்ச்சல், இதே மாதிரிக் கட்டு. ஒரு வருஷம் அசையாமல் படுக்க வைத்திருந்ததில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டிப் போய்விட்டாள். புருஷனும் இல்லை. அதற்குப் பிறகு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இந்த மாதிரிக் குழந்தைகளை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உடம்பை மெள்ள மெள்ளத் திருப்பிப் பழக்குவாராம்.

"ஏழு வருசம் துண்ட வெச்சினு பக்கத்துல நின்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது, பாக்கத் தெரியும். எம் பொண்ண நானே கட்டிப்போட்டேன் ஐயரூட்டம்மா. உங்க பொண்ண யாரு கட்டினாலும் நான் உடமாட்டேன்."

அவள் தம்பி தருமனுக்கு அங்கே கால் காணி நிலமும் கவலைக் கிணறும் இருந்தன. காலையில் மாடுகள் பின்னே போய் முன்னே வந்து தோல் சாலில் தண்ணீர் இறைக்கும். அது கிணற்றோரத்தில் இருக்கிற கருங்கல் தொட்டியில் விழும். நடு மத்தியானத்துக்குள் வெயிலில் காய்ந்து வெதுவெதுவென்று ஆகிவிடும். மூன்று மணிக்குத் துணி சுற்றிய அடைப்புக் கட்டையைப் பிடுங்கினால் கத்திரித் தோட்டத்துக்குப் பாயும். அந்த நடு மத்தியானத் தண்ணீரைத்தான் திரௌபதி கேட்டாள்.

"ஜன்னி வந்துடுத்துன்னா?" என்றேன்.

"வந்தா புள்ளையக் கொண்டாந்து என் வாசல்ல போடுங்க. ஊரக் கூட்டிக் கேளுங்க. நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன்."

வீட்டில் சொன்னபோது அவர் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"வைத்தியர் தண்ணியே கூடாதுங்கறார். குருக்களாத்துக் குழந்தை, மாடு குடிக்கற தொட்டியிலயா? நாலு பேர் என்ன சொல்லுவா?"

அதுவரைக்கும் நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. "மூணு வருஷம் நாலு பேர் சொன்னபடிதானே வச்சிண்டிருந்தோம்? இனிமே அண்ணாமலையார் பார்த்துப்பார். நீங்க தடுக்காதேங்கோ," என்றேன். அவர் மறுபடி சந்தனத்தை அரைக்க ஆரம்பித்தார்.

வாரத்துக்கு மூன்று நாள் ராமன் வண்டியில் போவோம், சாயங்காலப் பாலோடு திரும்புவோம். திரும்பியதும் நான் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைவேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. திரௌபதிக்கும் தெரியும். "நல்லா குளிங்க, தண்ணி உங்களுக்கும் நல்லது," என்று சிரிப்பாள். எனக்கு முகம் சுருங்கும்.

தொட்டிக்குள் துணி துவைக்கிற கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் குழந்தையை உட்காரவைப்பாள். தண்ணீர் கழுத்துக்கு இருக்கும். முதல் நாள் உண்ணாமுலை அலறியதில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. திரௌபதி அவசரப்படவில்லை. முதலில் தானும் தொட்டிக்குள் இறங்கி, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள். மீன் வாலை வீசுகிற மாதிரி குழந்தையின் உடம்பு வளைந்து வளைந்து போயிற்று. மூன்று வருஷமாகப் பலகையாக இருந்த உடம்பு! நாலாம் நாள் தண்ணீருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

"அழுவறத வூட்ல வெச்சிக்கங்க. இங்க வந்து புள்ளையோட இடுப்பப் புடிங்க," என்று என்னையும் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள்.

பிறகு கல்லில் உட்கார்ந்தபடியே திரும்புகிற பழக்கம். ஒன், டூ என்று ஆஸ்பத்திரியில் எண்ணுகிற மாதிரி எண்ணுவாள். என் மகளுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. எனக்கு ஒன்று தோன்றிற்று. மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கம் இருக்கிறதே. தொட்டி விளிம்பில் எட்டு இடத்தில் செம்பருத்திப் பூ வைத்தேன். "இது இந்திர லிங்கம், எடுத்துக்கோ. இது அக்னி லிங்கம்," என்று சொல்லச் சொல்ல, குழந்தை இடுப்பைத் திருப்பி, கையை எட்டி நீட்டிப் பூவை எடுத்தாள். ஈசான்ய லிங்கம்தான் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று.

"வேலூர் டாக்டரம்மாவுக்கு இது தெரியாது," என்றாள் திரௌபதி. அந்தப் பாராட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. அதுதான் என்னைத் தவறு செய்ய வைத்தது.

புரட்டாசி நடுவில், தண்ணீருக்குள் உட்கார்ந்து உண்ணாமுலை வலது கையால் இடது காதைத் தொட்டுவிட்டாள். விஜயதசமி வந்துகொண்டிருந்தது. படிப்பு ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் ஏது? ஜூன் வரைக்கும் எதற்குக் காத்திருப்பது? திரௌபதியிடம் சொல்லாமல், குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, வெற்றிலை பாக்குப் பழத்தோடு பள்ளிக்கூடம் போனேன். பெரிய வாத்தியார் நல்ல நாளும் அதுவுமாக மறுக்க மனசில்லாமல், "சரி, தொடட்டும் பாக்கலாம்," என்றார். குழந்தை தரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள். பாதி வழியில் அப்படியே முன்னால் விழுந்தாள். நெற்றி தரையில் மோதிற்று. புதிதாகச் சேர வந்த குழந்தைகள் எல்லாம் சிரித்தார்கள். பழத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

நெற்றிப் புடைப்பைப் பார்த்ததும் திரௌபதிக்குக் கோபம் பொங்கிற்று. "யாரு உங்களப் போவச் சொன்னா?"

"விஜயதசமி... நல்ல நாளாச்சேன்னு..."

"நாளு நல்லாத்தான் இருக்குது. முதுவு நல்லாவல."

தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தாள். பிறகு அவள் குரல் இறங்கிற்று. "தப்பு எம்மேலயும் இருக்குது. உள்ள இருக்கறப்ப தண்ணி புள்ளையத் தாங்கிக்குது. நாம முதுவு தாங்குதுன்னு நெனச்சிக்கினோம். இனிமே தண்ணியக் கொறைக்கணும். ஒரேயடியா இல்ல, ஒரு விரலு, ரெண்டு விரலுன்னு. கொறையறது புள்ளைக்கே தெரியக்கூடாது."

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உண்ணாமுலைக்குச் சளி பிடித்து இரண்டு நாள் காய்ச்சலும் அடித்தது. கட்டு வைத்தியர் காதுக்குச் செய்தி போய், வீடு தேடி வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "நான் சொன்னேனா இல்லையா? கொழந்தையக் கொல்லப் பாக்குறீங்க," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். புதுச் சிம்புக் கட்டு ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் பரணில் போட்டார்.

அடி அண்ணாமலையில் தொந்தரவு வேறு மாதிரி வந்தது. நொண்டிக் குழந்தை குளித்த தண்ணீர் பாய்ந்த கத்திரிக்காயைத் தின்றால் தின்றவன் வீட்டுப் பிள்ளைக்கும் கால் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தருமன் தலையில் கை வைத்துக்கொண்டான். அக்காவிடம், "வேணாங்கா, விட்டுடு," என்று கெஞ்சினான். மறுநாள் திரௌபதியே கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்துவிட்டாள். நான் காய் வாங்கப் போனபோது பார்த்தேன்.

"இன்னா திரௌபதி, நொண்டிக் கத்திரிக்காயா?" என்று மணியம்மாள் என்கிற கீரைக்காரி கேலி செய்தாள்.

"ஆமாண்டி. தொட்டித் தண்ணி பாஞ்ச கத்திரிக்கா! வாங்க, வந்து பாருங்க!" என்று திரௌபதி கூவினாள். கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் பச்சையாகவே நறுக்கென்று கடித்து மென்றாள். எழுந்து நின்று, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சந்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து காட்டினாள். "நொண்டறனா? பாத்துச் சொல்லுங்கடி! கத்திரிக்காய்ல நோவு இல்ல, உங்க வாயிலதான் இருக்குது."

நான் மெதுவாக அவள் கூடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, எல்லார் கண்ணெதிரிலும் காய் பொறுக்கினேன். குருக்கள் வீட்டு மாமி வாங்குகிறாளே என்று இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் சுவாமிக்கு அந்தக் கத்திரிக்காய்க் கறிதான் நைவேத்தியம். அண்ணாமலையாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்கழியில் வெயில் சுள்ளென்று இல்லை, தொட்டித் தண்ணீர் காயவில்லை. திரௌபதி மூன்று கல் கூட்டி அண்டா வைத்து வெந்நீர் போட்டாள். விறகு போதவில்லை. அடுத்த தடவை வரும்போது வீட்டுப் பரணிலிருந்த புதுச் சிம்புகளையும், மூன்று வருஷம் குழந்தையின் உடம்பில் இருந்த பழைய சிம்புகளையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒவ்வொன்றாக ஒடித்து அடுப்பில் வைத்தாள். காய்ந்த மூங்கில் படபடவென்று வெடித்து எரிந்தது. அந்த வெந்நீரைத் தொட்டியில் விளாவி, முழங்கையை விட்டுப் பதம் பார்த்து, குழந்தையை இறக்கினோம்.

அந்த மாதம் நான் வீட்டில் தூரமாகி மூன்று நாள் ஒதுங்கி உட்காரும்படி ஆயிற்று. ஒரு முறை போக முடியாதே என்று தவித்தேன். மத்தியானம் பார்த்தால் வீட்டில் குழந்தையும் இல்லை, அவரும் இல்லை. சாயங்காலம் ராமன் வண்டியிலிருந்து இருவரும் இறங்கினார்கள். அவர் வேஷ்டி இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தது. "அந்தப் பொம்மனாட்டி யாரையும் கரையில உட்கார விடமாட்டேங்கறா," என்று மட்டும் சொன்னார்.

தை பிறந்ததும் தண்ணீரைக் குறைக்க ஆரம்பித்தோம். குழந்தை பூ எடுக்கிற நேரம் பார்த்து, திரௌபதி காலால் அடைப்புக் கட்டையைக் கொஞ்சமாக நெகிழ்த்திவிடுவாள். கழுத்தளவு மார்பளவாயிற்று. மாசியில் தொப்புள் தெரிந்தது. பங்குனியில் மடியளவு. விழப்போனால் திரௌபதி கை கொடுக்க மாட்டாள். தண்ணீரில் கையை ஊன்றித் தானே எழட்டும் என்று விடுவாள். சித்திரை வெயிலில் ஒரு நாள் உண்ணாமுலை ஈசான்ய லிங்கத்துப் பூவைத் திரும்பி எடுத்துக்கொண்டு, "தண்ணி எங்கே?" என்று கேட்டாள். தொட்டி காலியாக இருந்தது. கல்லில் ஈரம் மட்டும்தான். அவள் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று திரௌபதியும் வந்தாள். வெளியே நில் என்று யாரோ சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய வாத்தியார் குழந்தையை அறைக்கு நடுவில், சுவர் எட்டாத இடத்தில் உட்காரச் சொன்னார். "தலையச் சாய்க்கக்கூடாது. ம், தொடு."

என் மகள் கையைத் தூக்கினாள். முதுகு ஒரு தரம் ஆடிற்று. ஆடிய முதுகு தானாகவே திரும்பி நேரானது. கை தலைக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, இடது காதைப் பிடித்தது. பிடித்த காதை அவள் விடவேயில்லை. வாத்தியார் போதும் என்று சொல்லட்டும் என்று பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காது சரிதான். ஆனா அந்தக் கால்... நடக்கவே முடியாதே, எப்படி வந்து போகும்? நல்லா யோசிச்சு..."

"ஐயா," என்றாள் திரௌபதி. "நீங்க கேட்டது காது. கால நீங்க கேக்கல. அடுத்த வருசம் வந்தா மூக்கக் கேப்பீங்களா? புள்ள தொட்டுச்சி. நீங்க சொன்ன வார்த்தை இருக்குது. எழுதுங்க."

வாத்தியார் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பேனாவை மையில் தொட்டு எழுதினார். சோ. உண்ணாமுலை, ஒன்றாம் வகுப்பு. "கையை எடுத்துக்கோம்மா," என்று அவர் சொன்ன பிறகுதான் என் மகள் காதை விட்டாள்.

கால் தேறவில்லை. அதை மறைக்க எனக்கு ஆசையில்லை. வேலூரில் இரும்புச் சட்டம் வாங்கிப் போட்டு, கையில் கழியோடு நடந்தாள். ஆனால் முதுகு நின்றது. முதுகு நின்றதால்தான் கழியை ஊன்ற முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தொட்டிக்கு ஒவ்வொரு குழந்தையாக வந்தது. டவுனுக்கு அந்தப் பக்கத்து வேங்கிக்காலிலிருந்துகூட ஒருத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். சந்தையில் கேலி செய்த மணியம்மாளும் தன் தங்கை பிள்ளையைக் கொண்டுவந்தாள். திரௌபதி பழசை ஒன்றும் கேட்கவில்லை. "இடுப்பப் புடிடி," என்றாள்.

1964இல் தருமன் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்தான். இன்ஜினுக்கு மேடை கட்ட இடம் வேண்டியிருந்தது, தொட்டியை இடித்தார்கள். அதே மாதம் செங்கத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தான். அங்கே ஒரே தெருவில் மூன்று குழந்தைகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறதாம். எல்லாரையும் மூங்கில் வைத்துக் கட்டியிருக்கிறார்களாம். திரௌபதி ஒரு துணி மூட்டையோடு கிளம்பிவிட்டாள்.

செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். உண்ணாமுலைக்கு அப்போது பன்னிரண்டு வயசு. மைல்கல்லின்மேல் சாயாமல் உட்கார்ந்துகொண்டு, திரௌபதியைப் பார்த்துச் சிரித்து, வலது கையைச் சுற்றி இடது காதைப் பிடித்துக் காட்டினாள். நான் கொண்டுபோன புடவையைத் திரௌபதி வாங்கிக்கொள்ளவில்லை. செம்பருத்திப் பூக்களை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் வந்து நின்றது. எனக்கு அவளைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது. "அந்த ஊர்ல யார் உனக்குத் தொட்டி தருவா? அங்கயும் நாலு பேர் பேசுவாளே," என்றேன்.

அன்றைக்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவேயில்லை. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி அவள் சொன்னாள்:

"தொட்டி இல்லன்னா ஏரி இருக்குது ஐயரூட்டம்மா. ஏரி வத்திப்போச்சுன்னா ஒரு அண்டா போதும். பேசறவங்க பேசட்டும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைங்க கட்ட அவுத்து வெக்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். அவுக்கலன்னா நான் அவுப்பேன்."